விநாடியின் நூற்றிலொரு பங்கு

எண்காட்டும் நிறுத்துக் கடிகாரமும் அதன் நினைவகமும்

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிப் போட்டியில், ருமேனிய நாட்டு வீராங்கனை கொஜொகாரு 55.41 விநாடியில் ஓடி மூன்றாம் இடத்தைப் பெற்றார். இந்திய வீராங்கனை பி. டி. உஷா ஓடி முடித்த நேரம் 55.42 விநாடி. இருவருக்கும் இடையே இருந்த வேற்றுமை விநாடியின் நூற்றிலொரு பங்கேயாகும். அந்த வேகத்தில் ஓடுபவர் அத்துணைச் சிறு பொழுதில் கடக்கும் தூரம் சுமார் 7 சென்டிமீட்டர். அதாவது ஒரு கையின் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அகலம். அந்த அகலத்தில் பதக்கம் ஒன்று கைநழுவிப் போயிற்று.

இத்தகைய நுண்ணிய வேற்றுமையைக் கண்டு கூறியது மனிதக் கண்ணுமன்று, கையுமன்று; எல்லைக் கோட்டைப் படமெடுக்கும் மின்னணுச் சாதனமே அதனைத் தீர்மானித்தது. ஆயினும் இன்று, பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியரின் கழுத்தில் கயிற்றில் தொங்கும் சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள நிறுத்துக் கடிகாரமும் நூற்றிலொரு பங்கு விநாடி வரை எண்களைக் காட்டத்தான் செய்கிறது. ‘டிஜிட்டல் ஸ்டாப் வாட்ச்’ என்று கடைகளில் வழங்கப்படும் இக்கருவி காட்டும் எண்களில் எவ்வளவை நம்பலாம், எவ்வளவை நம்பலாகாது, அதன் பொத்தான்களுக்குள் அடங்கிய பல முறைகளும் நினைவகமும் எவ்வெப் பணிக்குப் பயன்படும் என்பனவற்றைத் தெரிந்துகொள்ளுதல், விளையாட்டுத் துறையினர்க்கு மட்டுமன்றி, ஆய்வுக்கூட மாணவர்க்கும் சுகாதாரப் பணியாளர்க்கும் நன்மை பயப்பதாகும்.

நாழிகையிலிருந்து படிகம் வரை

நம் நாட்டு முன்னோர் ஒரு நாளை 60 நாழிகைகளாகவும், ஒரு நாழிகையை 60 விநாடிகளாகவும் பகுத்தனர். அக்கணக்கின்படி ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடங்களுக்கும், ஒரு விநாடி இன்றைய 24 செகண்டுகளுக்கும் சமமாகும். பிற்காலத்தில் மேனாட்டுக் காலக்கணக்கு வழக்கில் வந்தபோது, ‘செகண்டு’ என்னும் சிறிய அளவிற்கே ‘விநாடி’ என்னும் பழைய பெயர் இடப்பட்டது. பெயர் அதுவே, பொருளோ 24இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மனிதனுடைய காலவுணர்வு நுண்மையுற்று வந்த வரலாற்றை இச்சொல் ஒன்றே எடுத்துக்காட்டும்.

இயந்திர நிறுத்துக் கடிகாரங்களில் சமநிலைச் சக்கரம் இப்புறமும் அப்புறமும் ஊசலாடி, ஒவ்வோர் அடிக்கும் முள்ளை ஒரு படி நகர்த்துகிறது. மணிக்கு 18,000 முறை அடிக்கும் கடிகாரத்தில் விநாடிக்கு 5 அடிகள் உண்டு. ஆதலால் ஐந்திலொரு பங்கு விநாடிக்குக் குறைவான எதையும் அது காட்ட இயலாது. பத்திலொரு பங்கு வேண்டுமாயின் மணிக்கு 36,000 அடிகளும், நூற்றிலொரு பங்கு வேண்டுமாயின் 3,60,000 அடிகளும் தேவை. இந்த இறுதி வகைக் கடிகாரம் சுவிட்சர்லாந்து நாட்டில் 1916ஆம் ஆண்டிலேயே செய்யப்பட்டுவிட்டது. எனினும் இவ்வளவு விரைவாக அடிக்கும் பொறியில் தேய்மானம் மிகுதி, விலையும் மிகுதி.

இக்குறையை நீக்கியது குவார்ட்ஸ் என்னும் படிகமாகும். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880ஆம் ஆண்டில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்கள் கண்டறிந்தனர். அதன் மறுதலையாக, மின்னழுத்தத்தைச் செலுத்தினால் படிகம் நெளியும். தக்க சுற்றில் இணைத்தால் இடையறாது அதிரும். இவ்வதிர்வைக் கொண்டு இயங்கும் முதற் கடிகாரம் 1927ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் என்பவரால் அமைக்கப்பட்டது. அன்று அது பெருங்கருவி. 1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானிய நிறுவனம் ஒன்று படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அதே தத்துவம் நிறுத்துக் கடிகாரத்திலும் குடிபுகுந்தது.

கருவியின் உட்புறம்

எண்காட்டும் நிறுத்துக் கடிகாரத்தினுள் இசைக்கவையின் வடிவில் அறுக்கப்பட்ட சிறு படிகம் ஒன்று விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. இதனை இரண்டால் வகுத்தால் 16,384. மீண்டும் வகுத்தால் 8,192. இவ்வாறு 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 கிடைக்கும். பாதியாக்குதல் மின்னணுச் சுற்றுகளுக்கு மிக எளிய வேலை. எனவே 15 படிகள் கொண்ட பகுப்பானின் இறுதியில் விநாடிக்கு ஒரு துடிப்பு வெளிவருகிறது.

நூற்றிலொரு பங்கைக் காட்டுவதிலோ சிறு சிக்கல் எழும். 32,768ஐ 100ஆல் வகுத்தால் 327.68 என்று பின்னம் வரும். அதிர்வைப் பின்னமாக எண்ண முடியாது. ஆதலால் நூறு பங்குகளில் 68 பங்குகளுக்கு 328 அதிர்வுகளும், எஞ்சிய 32 பங்குகளுக்கு 327 அதிர்வுகளும் எண்ணிச் சரிக்கட்டலாம். கூட்டிப் பார்த்தால் 32,768 பிசகாமல் வரும். இச்சரிக்கட்டலால் நேரும் பிழை விநாடியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்களவே யாதலின், எவரும் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

இங்ஙனம் வரும் துடிப்புகளை எண்ணி வைக்கும் பகுதிக்கு எண்ணி என்று பெயர் கூறலாம். எண்ணியில் உள்ள தொகையைத் திரவப்படிகத் திரை எண்களாகக் காட்டுகிறது. கருவியின் பல முறைகளையும் விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோல் ஒன்றுண்டு. அஃதாவது, திரையில் எண்கள் நின்றுவிட்டால் எண்ணியும் நின்றுவிட்டது என்று கொள்ளலாகாது. இடைநேரப் பொத்தானை அழுத்தும் கணத்தில் கருவி செய்வது, எண்ணியில் உள்ள தொகையைப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்துத் திரையில் காட்டுவதேயாகும். எண்ணி தன் பணியை ஒரு கணமும் நிறுத்துவதில்லை. இவ்வாறு எடுத்த படிகளை வரிசையாக அடுக்கி வைக்கும் இடமே நினைவகம்.

முறைகள் ஐந்து

பெரும்பாலான கருவிகளில் மூன்று அல்லது நான்கு பொத்தான்கள் உண்டு. ஒன்று தொடங்கவும் நிறுத்தவும். மற்றொன்று இடைநேரம் எடுக்கவும், நின்ற நிலையில் பூச்சியத்திற்குக் கொண்டுவரவும். வேறொன்று முறையை மாற்றவும். நான்காவது, நினைவகத்தை மீட்டுக் காட்டவும் பயன்படும். பொத்தான்களின் இடம் கருவிக்குக் கருவி மாறுபடலாம். ஆனால் செயல்கள் மாறுவதில்லை.

முதலாவது, எளிய ஓட்ட முறை. தொடங்கு, நிறுத்து, படித்தெழுது, பூச்சியமாக்கு என்னும் நான்கே செயல்கள். நிறுத்திய பின்னர்ப் பூச்சியமாக்காமல் மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடரும். ஆட்டம் தடைப்பட்ட நேரத்தைக் கழித்து, ஆடிய நேரத்தை மட்டும் கணக்கிட இது உதவும்.

இரண்டாவது, ‘ஸ்ப்ளிட்’ எனப்படும் கூட்டு இடைநேர முறை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், தொடக்கத்திலிருந்து அக்கணம் வரை சென்ற மொத்த நேரத்தை இது காட்டும்.

மூன்றாவது, ‘லேப்’ எனப்படும் சுற்று நேர முறை. சென்ற முறை அழுத்தியதிலிருந்து இம்முறை அழுத்தியது வரை ஆன நேரத்தை இது காட்டும். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 400 மீட்டர் சுற்றளவுள்ள பாதையில் நான்கு சுற்று ஓடும் மாணவன் ஒருவனுடைய கூட்டு இடைநேரங்கள் 1 நிமிடம் 12.4 விநாடி, 2 நிமிடம் 27.5 விநாடி, 3 நிமிடம் 46.4 விநாடி, 5 நிமிடம் 0.0 விநாடி என்று கொள்வோம். இவ்வெண்களைப் பார்த்த மாத்திரத்தில் அவன் எங்கே தளர்ந்தான் என்பது புலப்படாது. சுற்று நேரமாக மாற்றினால் 72.4, 75.1, 78.9, 73.6 விநாடிகள் என வரும். மூன்றாம் சுற்றில் தளர்ந்து, இறுதிச் சுற்றில் மீண்டும் விரைந்தான் என்பது உடனே விளங்கும். இறுதிச் சுற்றிற்கு அவ்வளவு வலிமை மிஞ்சியிருந்தமையால், மூன்றாம் சுற்றில் அவன் அஞ்சி ஒதுக்கிவைத்த வலிமையை முன்னமே செலவிட்டிருக்கலாம் என்று பயிற்சியாளர் அறிவுறுத்துவார். மொத்த நேரம் மட்டும் கையில் இருந்தால் இவ்வறிவுரைக்கு இடமேயில்லை.

நான்காவது, இரண்டு பேர் அடுத்தடுத்து வரும்போது இருவர் நேரத்தையும் ஒரே கருவியால் எடுக்கும் முறை. முதல்வர் எல்லையைக் கடக்கும்போது இடைநேரப் பொத்தானை அழுத்த வேண்டும். திரை அந்நேரத்தைக் காட்டி நிற்கும். இரண்டாமவர் கடக்கும்போது நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். திரையில் மாற்றம் தோன்றாது. முதல் நேரத்தை எழுதிக்கொண்ட பின்னர் இடைநேரப் பொத்தானை மீண்டும் அழுத்தினால், மறைந்திருந்த இரண்டாம் நேரம் வெளிப்படும். திரையில் மாற்றமில்லாமை கண்டு, பொத்தான் வேலை செய்யவில்லையென்று கருதி நிறுத்தும் பொத்தானை மறுமுறை அழுத்திவிடுவது புதியோர் செய்யும் பிழை. அவ்வாறு செய்தால் எண்ணி மீண்டும் ஓடத் தொடங்கி, இரண்டாமவரின் நேரம் கெட்டுவிடும்.

ஐந்தாவது, இறங்குமுக எண்ணிக்கை. குறித்த நேரத்தை முன்னரே அமைத்துவிட்டால், கருவி அதிலிருந்து குறைந்துகொண்டே வந்து பூச்சியத்தில் ஒலியெழுப்பும். சில கருவிகள் உடனே மறுபடியும் அதே நேரத்திலிருந்து தொடங்கும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தல் போன்ற பணிகளுக்கு இது பெரிதும் ஏற்றது. வேறு சில, பூச்சியத்தைத் தாண்டிய நேரத்தை மேல்நோக்கி எண்ணத் தொடங்கி, குறித்த பொழுது கடந்து எவ்வளவு ஆயிற்று என்பதைக் காட்டும்.

நினைவகத்தின் ஆற்றலும் எல்லையும்

எளிய கருவிகளின் நினைவகம் பத்து இடைநேரங்களைக் கொள்ளும். உயர்ந்தவை சில நூறு வரை கொள்ளும். இவற்றை மீட்டுப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் வரிசை எண்ணும், சுற்று நேரமும், கூட்டு நேரமும் தோன்றும். மிக விரைந்த சுற்று, மிகத் தாமதமான சுற்று, சராசரிச் சுற்று ஆகியவற்றையும் தாமே கணித்துக் காட்டும் கருவிகள் உண்டு.

நினைவகத்தை நம்புவோர் மனத்திற் கொள்ள வேண்டியன சில. முதலாவது, நினைவகம் நிரம்பிய பின் என்ன நேரும் என்பது எல்லாக் கருவிக்கும் பொதுவானதன்று. சிலவற்றில் பின்வரும் நேரங்கள் திரையில் தோன்றுமேயன்றிப் பதிவாகா. சிலவற்றில் பழைய பதிவுகள் அழிந்து புதியவற்றுக்கு இடந்தரும். போட்டி நாளுக்கு முன்னரே கருவியை ஓடவிட்டு, கொள்ளளவிற்கு மேல் அழுத்திப் பார்த்து இதனை அறிந்துகொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, எளிய கருவிகளில் பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்திய உடனே பதிவுகள் யாவும் மறைந்துவிடும். எனவே எழுதிக்கொள்ளும் முன்னர்ப் பூச்சியமாக்கலாகாது என்பது மாறாத விதி. மூன்றாவது, இந்நினைவகத்திற்கு உயிர் கொடுப்பது உள்ளிருக்கும் சிறு மின்கலமே. மின்கலத்தை மாற்றும்போது பதிவுகள் அழிந்துபோகக் கூடும். திரையில் எண்கள் மங்கத் தொடங்கினால், முதலில் பதிவுகளைத் தாளில் இறக்கிக்கொண்டு பின்னரே மின்கலத்தைத் தொட வேண்டும்.

நினைவகத்தின் மற்றொரு சிறப்பும் குறிப்பிடத்தக்கது. மேற்கூறிய மாணவனின் இரண்டாம் சுற்று முடிவில் நேரங்காட்டுபவர் 0.3 விநாடி தாமதமாக அழுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்று 75.4 என்றும், மூன்றாம் சுற்று 78.6 என்றும் பதிவாகும். ஒரு சுற்றில் ஏறிய பிழை அடுத்த சுற்றில் இறங்கிவிடுகிறது. மொத்த நேரமாகிய 5 நிமிடம் மாறுவதேயில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கருவியை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினாலோ, ஒவ்வொரு முறையும் புதிய பிழை சேர்ந்து மொத்தம் கெடும். எண்ணியை நிறுத்தாமல் படியெடுப்பதன் பயன் இதுவாகும்.

ஒருமுறை தவறினால்

காவல் துறையிலும் துணை இராணுவப் படைகளிலும் ஆள் சேர்க்கும்போது, குறித்த தூரத்தைக் குறித்த நேரத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும் என்னும் விதி உண்டு. பெரிய தேர்வுகளில் ஓடுபவர் உடலில் அணியும் மின்னணு வில்லைகள் நேரத்தைப் பதிவு செய்கின்றன. ஆயினும், பள்ளி, கல்லூரி, மாவட்ட அளவிலான நெடுந்தூர ஓட்டங்களில் இன்றும் நிறுத்துக் கடிகாரத்தின் நினைவகமே பலவிடத்தும் துணை நிற்கிறது. எல்லைக் கோட்டை ஒவ்வொருவர் கடக்கும்போதும் ஒருவர் பொத்தானை அழுத்துவார். சற்றுத் தள்ளி நிற்கும் மற்றொருவர், வருவோரின் மார்பு எண்களை வந்த வரிசைப்படி எழுதுவார். பின்னர் இரு பட்டியல்களையும் இணைத்தால், இன்னாருக்கு இன்ன நேரம் என்பது கிடைக்கும்.

இம்முறை எளிதே, ஆயின் இதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. பன்னிரண்டாமவர் கடக்கும்போது பொத்தான் அழுத்தப்படாது போயிற்று எனக் கொள்க. நினைவகத்தில் பன்னிரண்டாவதாகப் பதிவாகும் நேரம் உண்மையில் பதின்மூன்றாமவருடையது. அது முதல் ஒவ்வொருவருக்கும் அவருக்குப் பின் வந்தவரின் நேரம் உரியதாகிவிடும். கடைசியாக வந்தவருக்கு நேரமே இராது. கை தவறி ஒருமுறை மிகையாக அழுத்தினாலோ, இதற்கு நேர்மாறாக, ஒவ்வொருவரும் தமக்கு முன் வந்தவரின் நேரத்தைப் பெறுவர். நேர எல்லைக்கு அண்மையில் வந்த ஓர் இளைஞன், தான் செய்யாத பிழைக்காகத் தகுதி இழக்கவும், தகுதியில்லாதவன் உள்ளே நுழையவும் இது வழிவகுக்கும். கருவியோ தன்னளவில் எந்தப் பிழையும் செய்யவில்லை. அதன் பட்டியல் ஐயத்திற்கிடமின்றி ஒழுங்காகவே தோன்றும். இதுவே இப்பிழையின் கொடுமை.

இதனைத் தடுக்க அனுபவம் மிக்கோர் கையாளும் வழி ஒன்றுண்டு. மூன்றாவது ஒருவர் தனிக் கருவியுடன் நின்று, பத்து பேருக்கு ஒருவராகத் தேர்ந்து, அவருடைய மார்பு எண்ணையும் நேரத்தையும் சேர்த்தே எழுதி வருவார். இறுதியில் இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால், எந்தப் பத்திற்குள் வரிசை பிறழ்ந்தது என்பது வெளிப்படும். அவ்விடத்தில் மட்டும் திருத்தினால் போதும். இருவர் ஒருசேர வரின் இருமுறை அழுத்த வேண்டும் என்பதையும், தவறி அழுத்திய வரிசை எண்ணை அப்போதே உரக்கக் கூறி எழுதச் செய்ய வேண்டும் என்பதையும் முன்னரே பேசி வைத்துக்கொள்ளுதல் நலம்.

கையின் பிழை

நிற்க. கருவி நூற்றிலொரு பங்கு காட்டுவதால் அளவும் நூற்றிலொரு பங்குக்குத் திருத்தமானது என்று எண்ணிவிடலாகாது. கண் கண்டதை மூளை உணர்ந்து விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு விநாடி செல்லும். ஓட்டத் தொடக்கத்தில் துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்பது நேரங்காட்டுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே தாமதமாகத் தொடங்குகிறார். முடிவிலோ, ஓடி வருபவரைத் தொலைவிலிருந்தே காண்கிறார். ஆகவே ஏறக்குறைய உரிய கணத்தில் அழுத்திவிடுகிறார். இதனால் கையால் எடுத்த நேரம் உண்மை நேரத்தினும் குறைந்தே காணப்படும். தானியங்கிச் சாதனத்தோடு ஒப்பிடும்போது 100, 200 மீட்டர் ஓட்டங்களில் 0.24 விநாடியும், 400 மீட்டர் ஓட்டத்தில் 0.14 விநாடியும் வேற்றுமை கொள்வது தடகளத் துறையில் வழக்கமாயிற்று. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காமிடம் பெற்ற மில்கா சிங்கின் நேரம் கைக்கணக்கில் 45.6 விநாடி, மின்சாதனக் கணக்கில் 45.73 விநாடி. இவ்வேற்றுமை மேற்கூறிய அளவிற்கு எத்துணை நெருங்கியது என்பதைக் காண்க.

ஒலியைக் கேட்டுத் தொடங்குவது இதனினும் பெரிய பிழையாகும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 100 மீட்டர் ஓட்டத்தின் எல்லையில் நிற்பவர் காதில் வெடியோசை விழுவதற்கு 0.29 விநாடி ஆகிவிடும். எனவே துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ கண்டு தொடங்க வேண்டும் என விதிகள் கூறுகின்றன. முடிவில் ஓடுபவரின் உடற்பகுதி எல்லைக் கோட்டின் முன் விளிம்பை எட்டும் கணமே கணக்கு. தலை, கழுத்து, கைகள், கால்கள் ஆகியவை கணக்கில் சேரா.

கையின் பிழையை அறிந்தே, கையால் எடுக்கும் நேரத்தைப் பத்திலொரு பங்கிற்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்னும் விதி உள்ளது. திரையில் 10.11 என்று இருந்தால் 10.2 என்றே பதிய வேண்டும். மூவர் தனித்தனியே, ஒருவர் கருவியை மற்றவருக்குக் காட்டாமல் நேரமெடுப்பர். இருவர் நேரம் ஒத்திருந்தால் அதுவே முடிவு. மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ள நேரமே முடிவு. இருவர் நேரம் மட்டும் கிடைத்து அவையும் மாறுபட்டால், நீண்ட நேரமே ஏற்கப்படும். விரைவோட்டங்களில் உலகச் சாதனையை ஏற்பதற்குத் தானியங்கி நேரமே தேவை என்னும் விதி 1977ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

நுண்மைக்கும் ஓர் எல்லை உண்டு. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சலில் ஸ்வீடன் நாட்டு வீரரும் அமெரிக்க வீரரும் விநாடியின் ஆயிரத்தில் 2 பங்கு வேற்றுமையில் முதலிரு இடங்களைப் பெற்றனர். நீச்சற்குளத்தின் பாதைகள் யாவும் அத்துணை நுண்மையாக ஒரே நீளத்தில் கட்டப்படுதல் இயலாது என்னும் உண்மை பின்னர் உணரப்பட்டு, நூற்றிலொரு பங்கோடு நிறுத்திக்கொள்ள விதி செய்யப்பட்டது. அளக்கப்படும் பொருள் எவ்வளவு திருத்தமானதோ, அவ்வளவே அளவும் பொருளுடையதாகும்.

விளையாட்டுக்கு அப்பால்

பௌதிக ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் மாணவனுக்கு இக்கருத்து நேரடியாகப் பயன்படும். 1 மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. ஒரே ஓர் அலைவை அளந்தால், கையின் 0.2 விநாடிப் பிழை 10 சதவிகிதமாகும்; முடுக்கம் அலைவு நேரத்தின் இருமடியைப் பொறுத்ததாகலின், விடையில் 20 சதவிகிதப் பிழை நேரும். 20 அலைவுகளை ஒருசேர அளந்தால் நேரம் 40.1 விநாடி; பிழையோ அதே 0.2 விநாடிதான். எனவே விடையின் பிழை ஒரு சதவிகிதமாகக் குறைந்துவிடும். இங்கு எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். ‘ஒன்று’ என்று கூறிக்கொண்டே பொத்தானை அழுத்தியவன் அளப்பது 19 அலைவுகளே. அவனுக்கு முடுக்கம் 9.8க்கு மாறாக ஏறத்தாழ 10.9 என வரும். சுற்று நேர முறையில் பத்து அலைவுக்கு ஒருமுறை அழுத்தி நினைவகத்தில் பதிந்தால், எண்ணிக்கை பிசகிய இடம் தானே தெரிந்துவிடும்.

இரயிலில் பயணம் செய்வோர் வண்டியின் வேகத்தை அறிய விரும்பினால், பாதையோரத்துக் கிலோமீட்டர்க் கற்களைக் கடக்கும்போதெல்லாம் சுற்று நேரம் எடுத்து, 3,600ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் போதும். 45 விநாடியானால் மணிக்கு 80 கிலோமீட்டர். 40 ஆனால் 90. 36 ஆனால் 100. நினைவகத்திலுள்ள பட்டியலே வண்டி எங்கே விரைந்தது, எங்கே தளர்ந்தது என்பதைக் கூறும்.

இறங்குமுக எண்ணிக்கையின் பயன் உயிர் காக்கும் பணியிலும் உண்டு. இருமலும் மூச்சுத்திணறலும் உள்ள குழந்தைக்கு நிமோனியா உண்டா என்பதை ஐயுறுவதற்கு, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை மூச்சு விடுகிறது என்பது முக்கியமான அடையாளமாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேலும், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது மிகை மூச்சாகும். கண்ணைக் கடிகாரத்தின் மீது வைத்தால் குழந்தையின் மார்பு அசைவைத் தவறவிட நேரும். மார்பின் மீது வைத்தால் நேரத்தைத் தவறவிட நேரும். ஒரு நிமிடத்தை இறங்குமுகமாக அமைத்துவிட்டால், ஒலி கேட்கும் வரை கண்கள் குழந்தையை விட்டு அகல வேண்டுவதில்லை. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குதல் இங்கே கூடாது. குழந்தைகளின் மூச்சு சீராக இராது. எண்ணிக்கையில் ஒன்று தவறினால் விடையில் நான்கு தவறும். 48க்கும் 52க்கும் உள்ள வேற்றுமை, குழந்தையை வீட்டில் வைத்திருப்பதா, மருத்துவரிடம் கொண்டு செல்வதா என்னும் வேற்றுமையாகலாம்.

சரிபார்த்தல்

படிகமும் பிழைக்கு முற்றிலும் விலக்கானதன்று. பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள படிகம் ஒரு நாளில் 1.7 விநாடி முந்தவோ பிந்தவோ செய்யும். இவ்வகைப் படிகம் ஏறத்தாழ 25 டிகிரி சென்டிகிரேடில் மிக விரைவாக அதிரும்படி அமைக்கப்படுகிறது. வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் அது பிந்தும். 45 டிகிரி வெயிலில் நாள் முழுவதும் கிடந்தால் ஒரு விநாடிக்குச் சற்று மேல் பிந்தக்கூடும். ஆனால் பத்து நிமிட ஓட்டத்தில் இதனால் நேரும் பிழை விநாடியின் நூற்றிலொரு பங்கிற்கும் குறைவு. கையின் பிழைக்கு முன் இது ஒரு பொருட்டன்று.

கருவியைச் சரிபார்க்க விரும்புவோர்க்கு வழி எளிது. இந்திய நாட்டின் நிர்ணய நேரத்தைச் சீசிய அணுக்கடிகாரங்களைக் கொண்டு காத்துவருவது புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடமாகும். 1967ஆம் ஆண்டு வரையறையின்படி, சீசியம்-133 அணுவிலிருந்து எழும் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,19,26,31,770 அலைவுகளுக்கு ஆகும் காலமே ஒரு விநாடி. அவ்வாய்வுக்கூடத்தின் நேரத்தை இணையத்தின் வழியாகக் கணினியிற் பெறலாம். அதனைப் பார்த்து ஒரு நாள் காலை கருவியைத் தொடங்கி, மறுநாள் அதே கணத்தில் நிறுத்தாமல் இடைநேரம் மட்டும் எடுத்துக் குறித்துக்கொள்க. இரு முனைகளிலும் நேரும் கைப்பிழை சேர்ந்து 0.3 விநாடியளவே இருக்கும். ஒரு நாளின் 86,400 விநாடிகளில் அது பத்து இலட்சத்தில் 4 பங்கிற்கும் குறைவு. கருவி நாளொன்றுக்கு ஓரிரு விநாடிக்கு மேல் மாறுபட்டால், அதனை நீண்ட நேர அளவுகளுக்குப் பயன்படுத்தலாகாது.

பள்ளிகளிலும் சங்கங்களிலும் புதிதாகக் கருவி வாங்குவோர், நினைவகம் எத்தனை நேரம் கொள்ளும் என்பதோடு, அது நிரம்பிய பின் என்ன செய்யும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். வாங்கிய பின், நேரமெடுக்கும் பொறுப்புடையவர் ஒவ்வொருவரும் போட்டிக்கு முன் ஒருமுறையேனும் எல்லா முறைகளையும் கையாண்டு பழகுதல் வேண்டும். முடிவுகளை எழுதும்போது கையால் எடுத்தவை, தானியங்கியால் எடுத்தவை என்று பிரித்துக் குறித்தல் வேண்டும். எந்த நேரமும் தாளில் ஏறி, இருவர் கையொப்பமிடும் வரை பூச்சியமாக்கும் பொத்தானின் மேல் விரல் செல்லாதிருத்தல் வேண்டும்.